மேஜை மேல் மலையும் ஆறும்: பொம்மைப் படைகளுக்கான நகர்வு விதிகள் பற்றி ஓர் ஆய்வு

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஒரு படையை நடத்திப் போவதாக வைத்துக்கொள்வோம். ஊரைத் தாண்டியதும் தோட்டங்கள். தோட்டங்களுக்கு நடுவே, இரு பக்கமும் வேலி நெருக்கும் இட்டேரிகள். பிறகு வாய்க்கால், ஓடை, வரட்டுப்பள்ளம். அதற்கப்பால் அடிவாரக் கரடும் முட்புதரும். அதற்கும் மேலே வளைந்து வளைந்து ஏறும் மலைவழி, தாமரைக்கரை, பர்கூர். தோட்டத்து வெளியில் நாலுகால் பாய்ச்சலில் வந்த குதிரைப்படை இட்டேரிக்குள் நுழைந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். பீரங்கி வண்டி ஓடைக்கரையில் நின்றுவிடும். மலைக்காட்டிலேயே மேய்ந்து வளரும் பர்கூர் மாடு ஏறுகிற சரிவில், சமவெளிக் குதிரை மூச்சு வாங்கும். ஒரே வழிதான், ஆனால் ஒவ்வொரு காலுக்கும் அது ஒவ்வொரு நிலம்.

இந்த வேறுபாட்டை ஆறடிக்கு நாலடி மேஜை ஒன்றில் விதியாக எழுதுவது எப்படி? மினியேச்சர் போர் விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மோதிவரும் கேள்வி இது. சுடுவதற்கான விதி, கைகலப்புக்கான விதி, படை கலைந்து ஓடுவதற்கான விதி எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பகடைக் கணக்குக் கிடைத்துவிடுகிறது. நிலத்தில் நகர்வதற்கான விதி மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. ஏன் அது தீரவில்லை, இதுவரை கண்ட வழிகள் என்னென்ன, நம் கொங்கு மண்ணை மேஜையில் வைக்க எந்த வழி பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள, வண்ணம் தீட்டிய பொம்மை வீரர்களே படை. தெர்மாகோல் குன்று, பஞ்சு மரம், அட்டை வீடு ஆகியவை நிலம். சதுரங்கத்தில் இருப்பதுபோல் கட்டங்கள் கிடையாது. காலாள் 6 அங்குலம், குதிரை 12 அங்குலம் என்று விதிநூல் சொல்லும். அளவுநாடாவை வைத்து அளந்து நகர்த்த வேண்டும். கட்டம் இல்லாததால்தான் இது கண்ணுக்கு உண்மைப் போர்க்களம் போலத் தெரிகிறது. தகராறு அத்தனையும் கிளம்புவதும் அதனால்தான்.

நம்மிடம் இருந்த நிலவிதிகள்

சதுரங்கப் பலகையில் நிலமே கிடையாது. 64 கட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கும். யானை எந்தக் கட்டத்தில் நின்றாலும் யானைதான். சேறு, மணல், மேடு என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்களை வேறுபடுத்திய முன்னோர், தரையை வேறுபடுத்தாமல் விட்டார்கள். சீனச் சதுரங்கம் இங்கே ஓரடி முன்னே போயிற்று. பலகையின் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. யானை அதைக் கடக்கக் கூடாது. காலாள் கடந்துவிட்டால், அதுவரை நேராக மட்டும் போனவன் பக்கவாட்டிலும் நகரலாம். ஒரே கோடு ஒரு காய்க்குச் சுவராகவும் இன்னொன்றுக்குப் பதவி உயர்வாகவும் ஆகிறது. நிலவிதியின் சாரம் முழுவதும் அந்த ஆற்றில் அடங்கியிருக்கிறது.

நம் திண்ணை விளையாட்டுகளிலும் இந்த அறிவு உண்டு. தாயக்கட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட கட்டங்களைப் பல ஊர்களில் மலை என்பார்கள். மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. இன்றைய விதிநூல்கள் பாதுகாப்பு நிலம் என்று பக்கம் பக்கமாக விவரிப்பதைத் தாயம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

ஆடுபுலி ஆட்டம் இன்னும் நுட்பமானது. புள்ளிகள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. முக்கோணத்தின் உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்குகின்றன. மூன்று குறுக்குக்கோடுகளும் அடிக்கோடும் அவற்றை வெட்டுகின்றன. நடுப்புள்ளியில் நிற்பவனுக்கு நாலா பக்கமும் வழி. மூலையில் நிற்பவனுக்கு இரண்டே வழி. புலி ஆட்டைத் தின்ன வேண்டுமானால் நேர்கோட்டில் தாண்டி, அடுத்த காலிப் புள்ளியில் இறங்க வேண்டும். ஆகவே கோடு முடிகிற மூலையில் ஒதுங்கி நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. ஆனால் அங்கிருந்து அது போகக்கூடிய வழியும் குறைவு. ஒதுங்கினால் உயிர் பிழைக்கும்; முன்னேறினால்தான் புலியைக் கட்டிப்போட முடியும். இந்தச் சிக்கலை உண்டாக்குவது காயின் வலிமையோ பகடையோ கிடையாது. தரையில் கிழித்த கோடுகள்தான் அதை உண்டாக்குகின்றன.

நூல்களிலும் இந்தச் சிந்தனை பழையது. தொல்காப்பியம் போரையே நிலத்தோடு சேர்த்து வகுத்தது. ஆநிரை கவரும் வெட்சியைக் குறிஞ்சிக்கும், படையெடுக்கும் வஞ்சியை முல்லைக்கும், கோட்டை முற்றும் உழிஞையை மருதத்துக்கும், நேர்நின்று பொரும் தும்பையை நெய்தலுக்கும் புறமாக வைத்தது. திருக்குறள் இடனறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே, 50ஆவதை, ஒதுக்கியது. தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது, முதலை நீரை விட்டு வெளியே வந்தால் தோற்கும், சேற்றில் கால் புதைந்த யானையை நரியும் கொல்லும் என்று அங்கே வருவனவற்றை வரிசையாக எழுதினால், அது ஒரு நகர்வு அட்டவணையாகவே நிற்கும்: எந்தப் படை, எந்த நிலம், என்ன விளைவு. அர்த்தசாஸ்திரத்தின் பத்தாம் அதிகரணமும் காலாள், குதிரை, தேர், யானை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற நிலம் எது என்று பிரித்துப் பேசுகிறது. இந்த மூன்றிலும் நிலத்துக்குத் தனியே ஒரு மதிப்பெண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார் நடக்கிறார் என்று தெரிந்த பிறகே நிலம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு வருகிறது.

பிரஷ்யாவில் தொடங்கிய கணக்கு

ஐரோப்பாவில் 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் சதுரங்கத்தை விரித்து 1,617 கட்டங்கள் கொண்ட போர்ப் பலகை ஒன்றை அமைத்தார். மலைக்கு ஒரு வண்ணம், நீருக்கு ஒரு வண்ணம், சதுப்புக்கு ஒரு வண்ணம் என்று கட்டங்களுக்குச் சாயம் பூசினார். தரைக்குக் குணம் வந்தது அங்கேதான். ஆனால் ஆறு சதுரம் சதுரமாக ஓடியது. மலை மூலை மூலையாக நின்றது.

கட்டத்தையே தூக்கி எறிந்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும். மகன் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற பயிற்சி ஆட்டம் 1:8000 அளவுள்ள உண்மையான வரைபடத்தின் மீது ஆடப்பட்டது. ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் ஒவ்வொரு வகைப் படையும் எந்த நிலத்தில் எவ்வளவு போகும் என்பதை அளவுகோலில் குறித்து வைத்தார்கள். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார்.

அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் ஊர்ந்தது. பீரங்கி ஒன்று உழுத வயலைக் கடக்க எத்தனை நிமிடம் என்று பார்ப்பதற்குள் அதிகாரிகளுக்குப் பொறுமை போய்விட்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, அட்டவணையை மூடிவைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் வாக்கையே விதியாகக் கொள்ளலாம் என்றார். அட்டவணையா, நடுவரா என்ற அந்த வழக்கு இன்றும் முடியவில்லை. இன்றைய மேஜைகளில் நடுவர் பெரும்பாலும் கிடையாது. இரண்டு நண்பர்கள் மட்டுமே இருக்கிறார்கள். நடுவர் இல்லாத இடத்தில் விதிநூலே நடுவராக இருந்தாக வேண்டும். நவீன விதிநூல்கள் பருத்துப் போனதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்குள் இதைக் கொண்டு வந்தவர்கள் எழுத்தாளர்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், வளர்ப்பு மகனோடு பரண் தரையில் சாக்பீஸால் மலையும் ஆறும் பாலமும் சாலையும் வரைந்து ஈய வீரர்களை நடத்தினார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ பொதுமக்களுக்கான முதல் விதிநூல்களில் ஒன்று. காலாள் ஓர் அடி, குதிரை இரண்டு அடி. பீரங்கியை நகர்த்த வேண்டுமானால் அதன் அருகே குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும். வெல்ஸின் விதிகள் மிக எளியவை. ஆனால் பீரங்கி தானாக நகராது, அதை இழுக்க ஆள் வேண்டும் என்ற நினைப்பு அவற்றில் இருக்கிறது. இது பின்னால் நமக்கு உதவும்.

நான்கு வழிகள்

இன்று புழக்கத்தில் உள்ள நிலவிதிகளைத் தொகுத்தால் நான்கு குடும்பங்கள் தேறும்.

முதலாவது, பாதியாகக் குறைப்பது. காடு, சரிவு, சேறு எதுவானாலும் பாதித் தூரம். நினைவில் வைக்க இதைவிட எளிய விதி இல்லை. இதற்கு வெளியிலிருந்து ஒரு சான்றும் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்குப்படி, நடப்பவருக்கு மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் கூட்ட வேண்டும். மூன்று மைலில் 2,000 அடி ஏறுகிற மலைவழியில் ஒரு மணி நேரப் பயணம் இரண்டு மணி ஆகிறது. அது சரியாகப் பாதி வேகம். ஆகவே பாதி என்பது குருட்டாம்போக்கில் வந்த எண் இல்லை.

சிக்கல் எல்லையில்தான். 6 அங்குலம் போகும் பிரிவு ஒன்று காட்டுக்கு 2 அங்குலம் முன்னால் நிற்கிறது. காட்டைத் தொட்டாலே முழு நகர்வும் பாதி என்று விதி இருந்தால், மொத்தம் 3 அங்குலம். காட்டுக்குள் 1 அங்குலம்தான் நுழையும். வெளியே போகிற தூரம் முழுக்கணக்கு, உள்ளே மட்டும் பாதி என்றால், 2 போக மீதி 4இல் பாதி 2. மொத்தம் 4 அங்குலம். ஓர் அங்குல வித்தியாசம் மேஜையில் சின்ன விஷயம் கிடையாது. அடுத்த சுற்றில் எதிரியின் பாய்ச்சலுக்குள் நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்பதை அதுவே முடிவு செய்யும். எந்தக் கணக்கு என்று சொல்லாத விதிநூல், தகராறுக்கு விதை போட்டுவிட்டுப் போகிறது.

இரண்டாவது, விலைப்பட்டியல். அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் வெளியிட்ட ‘டாக்டிக்ஸ்’ முதலாகப் பெட்டியில் அடைத்த போர் விளையாட்டுகள் சந்தைக்கு வந்தன. 1960களில் அறுகோணக் கட்டங்கள் நிலைபெற்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் இத்தனை நகர்வுப் புள்ளிகள். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு விலை. வெட்டவெளிக்கு 1, காட்டுக்கு 2, மலைக்கு 3, ஆற்றைத் தாண்டினால் இன்னொன்று கூடுதல் என்ற மாதிரி. வரவு செலவு தெளிவாக இருப்பதால் வாக்குவாதமே எழாது. யார் நடக்கிறார் என்பதற்கேற்ப விலையை மாற்றவும் முடியும். ஆனால் கட்டமில்லாத மினியேச்சர் மேஜையில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தால் மளிகைக்கடைக் கணக்குப் பிள்ளையின் வேலையாகிவிடும். நிலத்தின் வகைகளை மூன்றுக்குள் அடக்கினால்தான் இந்த வழி மேஜையில் தாங்கும்.

மூன்றாவது, பகடை. நிலம் எவ்வளவு தடுக்கும் என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்ற எண்ணத்தில் பிறந்தது இது. ‘வார்ஹேமர் 40,000’ விளையாட்டின் பழைய பதிப்புகள் சிலவற்றில், கடினமான நிலத்தில் நுழையும் பிரிவு இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். அத்தனை அங்குலம் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரி ஏறக்குறைய 4.5 அங்குலம். முழு 6 அங்குலமும் கிடைக்கிற வாய்ப்பு 36இல் 11. ஒரே அங்குலத்தில் முடங்கிப்போகும் வாய்ப்பு 36இல் 1. பாதி விதியோடு ஒப்பிட்டால் சராசரியில் இது தாராளமானது. ஆனால் நம்பித் திட்டம் போட முடியாது. இதற்குப் பக்கத்திலேயே ஆபத்தான நிலம் என்றொரு விதியும் உண்டு: ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை, 1 விழுந்தால் அடி. பத்துப் பேர் கொண்ட பிரிவில் ஒருவருக்காவது 1 விழுகிற வாய்ப்பு சுமார் 84 விழுக்காடு. நுழையலாமா வேண்டாமா என்று ஆடுபவர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கமே இவ்விதியின் லாபம்.

பகடையை மிக அழகாகப் பயன்படுத்தியது 1990இல் ஃபில் பார்க்கர் குழுவினர் எழுதிய ‘டி பெல்லிஸ் ஆன்டிகுயிடாட்டிஸ்’. பக்கத்துக்குப் பன்னிரண்டே பிரிவுகள் கொண்ட சிறிய பழங்காலப் போர் விளையாட்டு அது. மேஜையில் ஆறு இருந்தால் அதன் ஆழம் ஆட்டத் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. முதல் பிரிவு தண்ணீரில் கால் வைக்கும்போதுதான் பகடை உருளும். அன்று முழுவதும் ஆறு அப்படியேதான். யார் முதலில் இறங்கிப் பார்ப்பது என்பதே ஒரு முடிவாகிவிடுகிறது. மேற்கே மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும் என்று அறிந்த பவானிக்கரைக்காரர்களுக்கு இந்த விதியை விளக்கவே தேவையில்லை.

நான்காவது, தூரத்தைத் தொடாமல் செயலைத் தடுப்பது. 2012இல் வந்த ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்ற இரண்டாம் உலகப்போர் விளையாட்டில் காலாள் நடந்தால் 6 அங்குலம், ஓடினால் 12. கரடுமுரடான நிலத்தில் 6 அங்குல நடைக்குத் தடையில்லை, ஓடத்தான் கூடாது. சக்கர வண்டிக்கு அங்கே அனுமதியே இல்லை. பின்னக் கணக்கு வேண்டாம், கூடும் அல்லது கூடாது என்று ஒரு சிறு பட்டியல் போதும். வேகத்தை நேரடியாகக் குறைக்காமலே அவசரக்காரனைக் காடு தண்டித்துவிடுகிறது. நான்கில் மிகச் சிக்கனமான வழி இது.

நிலத்தைக் கைவிட்ட காலம்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வீசும் காற்று நிலத்துக்கு எதிரானது. வார்ஹேமரின் புராணப்போர் வடிவம் 2010இல் வந்த எட்டாம் பதிப்பில், பெரும்பாலான நிலங்களுக்கு இருந்த வேகத்தடையை நீக்கிவிட்டு ஆபத்துப் பகடையை மட்டும் வைத்துக்கொண்டது. 40,000 விளையாட்டும் 2017இல் பழைய கடின நிலச் சோதனையைக் கைவிட்டது. 2023இன் பத்தாம் பதிப்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு உட்பட்ட தடைகளை அவை இல்லாததுபோலவே தாண்டிப் போகலாம். இடிந்த கட்டடங்களின் சுவர்களைக் காலாட்படை ஊடுருவிச் செல்லலாம்.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. போட்டிகளில் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் ஆட்டம் முடிய வேண்டும். நிலம் வேகத்தைக் குறைத்தால் ஆடுபவர்கள் காட்டைச் சுற்றிக்கொண்டே போவார்கள். அழகாகச் செய்து வைத்த காடு காட்சிப் பொருளாக நிற்கும். வேகத்தடை இல்லாவிட்டால் எல்லோரும் காட்டுக்குள் போவார்கள், சண்டை அங்கே நடக்கும். விற்கிற நிறுவனத்துக்கும் அதுவே வசதி.

ஆனால் இழப்பு பெரிது. காடும் வெளியும் காலுக்கு ஒன்றாகிவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது மறைப்பு மட்டும். எந்தப் பக்கம் சுற்றிப் போவது, யாரை முன்னே அனுப்புவது, பீரங்கியை எங்கே விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விகள் காணாமல் போகின்றன. அவை போனபின் மேஜையில் நடப்பது பகடைச் சண்டையாக இருக்கலாம். படை நடத்துவதாக இருக்காது.

சத்தியமங்கலம், 1790

விதிகளைப் புத்தகத்தில் வைத்து எடைபோடுவதைவிட ஒரு நிகழ்வில் வைத்துப் பார்ப்பது நல்லது. அந்தியூருக்கு மேற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் நடந்த போர் ஒன்று கைவசம் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில் கும்பினிப்படைத் தளபதி மெடோஸ் 1790இல் கோயமுத்தூரைப் பிடித்தார். அவர் அனுப்பிய கர்னல் ஃபிளாய்டின் படை சத்தியமங்கலத்தில் பவானிக்கரையில் நின்றது. செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜ்ஜல்ஹட்டி கணவாய் வழியாக இறங்கி, ஆற்றைக் கடந்து வந்து தாக்கினார். சண்டை 13ஆம் தேதி. பீரங்கி இழுக்கும் மாடுகள் பல செத்துப்போனதால் சில பீரங்கிகளை விட்டுவிட்டு ஃபிளாய்டு கோயமுத்தூர்த் திசையில் பின்வாங்கினார். உயர்ந்த முள்வேலிகள் அடைத்த தோட்ட நிலத்தில் குதிரைப்படைகள் பட்ட பாட்டை அக்காலத்து ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் போரில் நிலம் நான்கு இடங்களில் பேசுகிறது: கணவாய், ஆறு, வேலி, மாடு. நம் நான்கு வழிகளும் அங்கே எப்படி நிற்கின்றன?

கணவாய்க்குப் பாதி விதி போதும். நைஸ்மித் கணக்கு அதற்குத் துணை. ஆனால் கணவாயின் முக்கியத்துவம் அதன் வேகத்தில் இல்லை, அதை விட்டால் வேறு வழி இல்லை என்பதில் இருக்கிறது. மலைச்சரிவு முழுவதும் பாதி வேகத்தில் ஏறலாம் இறங்கலாம் என்று விட்டுவிட்டால் கணவாய்க்கு மதிப்பே இல்லாமல் போகும். வழியைத் தவிர மற்ற சரிவில் குதிரைக்கும் பீரங்கிக்கும் தடை என்றால்தான் கணவாய் கணவாயாக இருக்கும். ஆடுபுலிக் கோடுகள் சொல்லித்தருகிற பாடம் இது.

ஆற்றுக்குப் பகடையே பொருத்தம். ஆனால் ஆற்றின் நீளம் முழுவதற்கும் ஒரே ஆழம் வைப்பது பவானிக்கு ஒவ்வாது. இறங்கு துறைகள் சில இடங்களில்தான் உண்டு. மேஜையில் மூன்று துறைகளைக் குறித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் முதலில் இறங்குபவர் பகடை உருட்டட்டும். துறையில்லாத இடத்தில் பரிசல்தான். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு பிரிவு மட்டும், குதிரைக்கும் பீரங்கிக்கும் இடமில்லை.

வேலியில்தான் பெரும்பாலான விதிநூல்கள் சறுக்குகின்றன. ஐரோப்பிய விதிநூல்களின் மனத்தில் இருப்பது இடுப்பளவு செடிவேலி. இரண்டு அங்குலம் கழித்துக்கொண்டு தாண்டிப் போகச் சொல்வார்கள். கிளுவையும் கள்ளியும் பின்னிய கொங்கு நாட்டு வேலி அப்படிப்பட்டதில்லை. கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்து வேலி ஆட்டையும் மாட்டையும் உள்ளே நிறுத்தி வைக்கவே வளர்த்தது, குதிரையையும் நிறுத்தும். காலாள் ஒரு சுற்று முழுவதும் நின்று வெட்டித்தான் வழி செய்ய வேண்டும். குதிரைக்குத் தட்டி வைத்த வாசல் ஒன்றுதான் வழி. இரண்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரியோ, சாலையின் வேகத்தைக் கொடுத்துவிட்டு அகலத்தைப் பறித்துக்கொள்கிறது. ஒற்றை வரிசை மட்டும். அதே சுற்றில் திரும்பக் கூடாது. எதிரே ஒரு பிரிவு வந்துவிட்டால் இரண்டும் நிற்க வேண்டியதுதான். இதற்கு நான்காவது வழியான செயல்தடையைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

மாடு விஷயத்தில் வெல்ஸுக்குக் கடன்பட்டிருக்கிறோம். பீரங்கியின் நகர்வு பீரங்கிக்குச் சொந்தமில்லை. அதை இழுப்பவருக்குச் சொந்தம். மாட்டுச் சோடிகளைத் தனிப் பொம்மையாக வைத்து, அவை அடிபட்டால் பீரங்கி நின்ற இடத்திலேயே நிற்கும் என்று எழுதினால், ஃபிளாய்டின் இக்கட்டு மேஜையிலும் வந்துவிடும்.

அளவும் உயரமும்

இன்னொரு சிக்கலையும் தொட வேண்டும். 28 மில்லிமீட்டர் வீரன் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதே விகிதத்தில் நூறு மீட்டர் துப்பாக்கித் தூரம் மேஜையில் ஐந்தரை அடி. நாலடி அகல மேஜையில் யாரும் நகரவே வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே சுடலாம். ஆகவே எல்லா விதிநூல்களும் ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு என்று வைத்துக்கொள்கின்றன. மேஜையில் இருக்கும் ஐந்து மரங்கள் ஐந்து மரங்கள் இல்லை, ஒரு காடு. அதனால் காட்டின் எல்லையை மரம் சொல்ல முடியாது. மரங்களுக்கு அடியில் வெட்டி வைத்த அட்டையின் விளிம்புதான் சொல்ல வேண்டும். இந்தச் சிறு ஏற்பாட்டைச் செய்யாத மேஜைகளில்தான் உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது. குன்றுக்கும் இதுவே நியாயம். சரிவின் மேல் நாடாவை வளைத்து அளப்பதா, மேலிருந்து பார்த்துக் கிடைமட்டமாக அளப்பதா என்றால், கிடைமட்டமே நல்லது. ஏற்றத்துக்கான தண்டனையை விதி ஏற்கெனவே கொடுத்துவிட்டது. நாடாவும் சேர்ந்து கொடுக்கத் தேவையில்லை.

நிலம் செய்வதற்கு நாம் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கல்லடுக்கி மலை செய்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. மரத்தூளில் சாயம் கலந்தால் புல்வெளி. தேங்காய் நாரைப் பிரித்து ஒட்டினால் முட்புதர். செங்கல் உடைசல் ஒன்று கரடு.

முடிவு

நான்கு வழிகளில் எதுவும் தனியாக நிற்காது என்பதே இந்த ஆய்வின் முடிவு. பாதி விதி மலைக்கு, பகடை ஆற்றுக்கு, செயல்தடை வேலிக்கும் இட்டேரிக்கும், விலைப்பட்டியல் கட்டம் போட்ட பலகைக்கு என்று அதனதன் இடத்தில் வைத்தால் நான்கும் வேலை செய்யும். வேகத்தடையை முழுவதும் எடுத்துவிடுகிற இன்றைய போக்கு போட்டிக்கு வசதி. வரலாற்றுப் போரை ஆடுபவர்களுக்கு அது உதவாது. ஒரு நிலவிதி நல்லதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். குதிரைக்கும் காலாளுக்கும் பீரங்கிக்கும் அது வெவ்வேறு பதில் சொல்கிறதா? அந்த நிலத்தின் முன் வந்து நிற்பவரை ஒரு முடிவெடுக்க வைக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த விதியை அடித்துவிடலாம்; ஆட்டத்துக்கு ஒன்றும் குறையாது.

ஆடப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகடையைக் கையில் எடுக்குமுன், மேஜையில் உள்ள ஒவ்வொரு நிலத்தையும் தொட்டுக் காட்டி, இது யாருக்குத் தடை, இதன் எல்லை எது, இங்கே எப்படி அளப்பது என்று இருவரும் வாய்விட்டுப் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஆகும். வாட்டர்லூவையும் நார்மண்டியையும் எத்தனையோ பேர் ஆடித் தீர்த்துவிட்டார்கள். கஜ்ஜல்ஹட்டி கணவாயும் பவானித் துறைகளும் தீரன் சின்னமலை போரிட்ட ஓடாநிலையும் இன்னும் நல்ல விதி எழுதுவாருக்காகக் காத்திருக்கின்றன. இட்டேரியில் நடந்து பழகியவர்கள் அந்த விதிகளை எழுதினால், மற்றவர்கள் எழுதுவதைவிடச் சரியாக இருக்கும்.